டெக்சஸின் கருக்கலைப்பு மாத்திரைச் சட்டத்தை வாசிப்பது எப்படி: யார்மீது வழக்கு, எவ்வளவு தொகை, எங்கே விலக்கு

2025 டிசம்பர் 4 முதல் டெக்சஸ் மாநிலத்தில் எச்.பி. 7 (ஹவுஸ் பில், அதாவது கீழவை மசோதா எண் 7) என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரையை அனுப்புகிறவர், கொடுக்கிறவர்மீது தனிநபர் வழக்குப் போட வழி செய்வது இது. "மாத்திரை சாப்பிட்டால் ஒரு லட்சம் டாலர் அபராதம்" என்று ஹூஸ்டனிலும் டாலஸிலும் உள்ள நம் வாட்ஸ்அப் குழுக்களில் இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். அதில் இரண்டு பிழைகள். சாப்பிட்ட பெண்மீது இந்தச் சட்டப்படி வழக்கே போட முடியாது. அந்த ஒரு லட்சமும் அரசுக் கஜானாவுக்குப் போகும் அபராதம் இல்லை, வழக்குப் போட்டவர் பெயரில் வருகிற தொகை. இந்த இரண்டையும் தப்பாகப் புரிந்துகொண்டால், ரத்தப்போக்கோடு இருக்கும் பெண் பயந்துகொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பாள். "அவள்தானே சாப்பிடப் போகிறாள், வாங்கிக் கொடுப்பதில் எனக்கென்ன" என்று தோழி துணிந்து இறங்கிவிடுவாள். இரண்டுமே ஆபத்து. அதனால் செய்திச் சுருக்கத்தை விட்டுவிட்டு மூலத்தைத் திறந்து படிக்க வேண்டும். எந்த வரிசையில் படிப்பது, எங்கே தவறு நேரும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

சரியான பிரதியை எடுப்பது

டெக்சஸ் சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. எண்ணைப் போடும்முன் கூட்டத்தொடரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மசோதா எண்கள் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும். கவனிக்காவிட்டால் வேறு ஏதோ ஒரு விஷயத்தைப் பற்றிய எச்.பி. 7 கையில் கிடைக்கும். நமக்கு வேண்டியது 89ஆவது சட்டமன்றத்தின் இரண்டாவது சிறப்புக் கூட்டத்தொடர்.

அடுத்த பொறி, பதிப்பு. ஒரே மசோதாவுக்கு அறிமுகமானபோது இருந்த வடிவம், குழு திருத்திய வடிவம், ஓர் அவை நிறைவேற்றிய வடிவம், கடைசியாக இரு அவைகளும் ஏற்ற வடிவம் என்று பல பதிப்புகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். சட்டமாவது கடைசி வடிவம் மட்டுமே. இணையத்தில் சுற்றும் பல விளக்கங்கள் முதல் வடிவத்தைப் பார்த்து எழுதியவை. இந்தச் சட்டத்தில் பின்னால் சேர்த்த பாதுகாப்புகள் நிறைய இருப்பதால், பழைய வடிவத்தை நம்பினால் படம் முழுக்க மாறிவிடும். மசோதாவில் அடிக்கோடிட்ட வார்த்தைகள் புதிதாகச் சேர்ப்பவை, குறுக்கே கோடு போட்டவை நீக்குபவை. முழுப் புதிய அத்தியாயம் என்றால் பக்கம் பக்கமாக அடிக்கோடாகவே இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

எச்.பி. 7 சேர்ந்திருப்பது மாநிலத்தின் உடல்நலம் மற்றும் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், 171ஏ என்ற அத்தியாயமாக. இங்கே இடறாதவர் குறைவு. 170ஏ, 171, 171ஏ என்று மூன்று அத்தியாயங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் கருக்கலைப்பைப் பற்றியவை, மூன்றிலும் பெரிய தொகைகள் வருகின்றன, ஆனால் அரசு வழக்குப் போடுவது 170ஏயில், தனிநபர் வழக்குப் போடுவது மற்ற இரண்டில். படிக்கும்போது அத்தியாய எண்ணைத் தாளில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வினைச்சொற்களை எண்ணுங்கள்

சட்டத்தில் பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்களே ஆளைச் சிக்கவைக்கும். எச்.பி. 7 தடுக்கும் செயல்கள் ஏழு: தயாரிப்பது, விநியோகிப்பது, தபாலில் அனுப்புவது, எடுத்துச்செல்வது, கொண்டுசேர்ப்பது, மருந்துச்சீட்டு எழுதுவது, கொடுப்பது. டெக்சஸில் உள்ள ஆளுக்கு அனுப்பினாலும் சரி, டெக்சஸிலிருந்து வெளியே அனுப்பினாலும் சரி, எந்த வகையில் செய்தாலும் சரி, உள்ளே வரும்.

இந்தப் பட்டியலில் "விற்பது" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். காசு வாங்கினால்தான் மீறல் என்று இதில் எங்கும் இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் "கொடுப்பது"தான். நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தியாவில் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் இருப்பதால், மருத்துவர் சீட்டோடு இந்த மாத்திரைகளை வாங்குவது அங்கே சட்டப்படி நடக்கிற காரியம். அந்தப் பழக்கத்தில், சென்னையிலிருந்து வருகிறவரிடம் "ஒரு அட்டை வாங்கிட்டு வாங்க" என்று சொல்வதும், அவர் அதைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்து தோழியின் கையில் கொடுப்பதும் சாதாரண உதவியாகத் தெரியும். எச்.பி. 7 கண்ணில் அது எடுத்துச்செல்வது, கொண்டுசேர்ப்பது, கொடுப்பது என்று மூன்று வினைகள். இந்தியாவில் செல்லுபடியாகும் மருந்துச்சீட்டு இதற்கு விலக்கு ஆகாது.

எந்த மருந்து, எந்த நோக்கம்

மருந்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டெக்சஸ் சட்டத்தில் "கருக்கலைப்பைத் தூண்டும் மருந்து" என்ற சொல்லுக்கு விளக்கம் 171ஆம் அத்தியாயத்தின் 171.061 பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. மிஃபிப்ரிஸ்டோன் முறை, மிசோப்ரோஸ்டால், மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவற்றை அது எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. கர்ப்பத்தை முடிக்கும் நோக்கத்தோடு எழுதியோ கொடுத்தோ இருக்க வேண்டும் என்பதும் அதே விளக்கத்தில்தான் இருக்கிறது. வேறு மருத்துவக் காரணத்துக்காக எழுதிய மருந்து, அதே மாத்திரையாக இருந்தாலும், அதில் சேராது. எச்.பி. 7இலும் கருக்கலைப்பு நோக்கம் இல்லாமல் இந்த மருந்துகளை வைத்திருப்பதும் கொடுப்பதும் தடையிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன.

இதன் நடைமுறை அர்த்தம் பெரியது. மெத்தோட்ரெக்ஸேட் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் மருந்து. மிசோப்ரோஸ்டால் வலிமாத்திரையால் வரும் வயிற்றுப்புண்ணைத் தடுக்க வந்தது. டைக்ளோஃபெனாக் என்ற மூட்டுவலி மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாகவும் வருகிறது. பேரன் பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் வரும் பாட்டியின் மருந்து டப்பாவில் இவற்றில் ஒன்று இருப்பது வியப்பில்லை. அவருக்காக மூன்று காரியம் செய்யுங்கள்: மாத்திரையை அதன் சொந்த அட்டையிலேயே வையுங்கள், நோயின் பெயர் எழுதிய ஆங்கில மருந்துச்சீட்டைக் கூடவே வையுங்கள், பயண அளவு 90 நாளைத் தாண்டாமல் பாருங்கள். அட்டையிலிருந்து பிரித்து வார டப்பாவில் போட்டுக்கொண்டு வருவதால்தான் விமான நிலையத்தில் வீண் கேள்விகள் வருகின்றன.

டெக்சஸ் மருந்துக்கடையில் இந்த மருந்துகளை வாங்கும்போது மருந்தாளுநர் தயங்கி மருத்துவருக்கு ஃபோன் போட்டுக் கேட்பதுண்டு. மருந்துச்சீட்டிலேயே நோயின் பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மருத்துவமனை மூடியபின் கடைக்குப் போனால், கேட்டுத் தெளிய ஆள் இல்லாமல் திங்கள்வரை காத்திருக்க நேரிடும்.

கரு தானாகக் கலைந்தால்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இறந்துபோன கருவை அகற்றுவதும், கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பத்தை அகற்றுவதும் டெக்சஸ் சட்டத்தின் விளக்கப்படியே கருக்கலைப்பு அல்ல. அதற்கான வரி 245.002 பிரிவில் இருக்கிறது. எச்.பி. 7இலும் கருச்சிதைவு, கருப்பைக்கு வெளியே கர்ப்பம், மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்கு மருந்து கொடுப்பதற்கு விலக்கு உண்டு. 2025 ஜூனில் வந்த எஸ்.பி. 31 (செனட் பில், அதாவது மேலவை மசோதா), தாயின் உயிருக்கு உள்ள ஆபத்து உடனடியாக நேரப்போவதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று தெளிவுபடுத்தியது.

ஆகவே ரத்தப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலியோ தோள்பட்டை வலியோ வந்தாலோ நேரே அவசரப்பிரிவுக்குப் போங்கள். வழக்கு பயம் பெண்ணைத் தடுக்கவே கூடாது. இந்த மாநிலச் சட்டங்கள் எதுவும் கர்ப்பமான பெண்ணைப் பிரதிவாதி ஆக்கவில்லை. ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கருவில் இதயத்துடிப்பு இல்லை என்று தேதியோடு எழுதியிருக்கும் ஒரு தாள், பின்னால் எழும் எந்தக் கேள்விக்கும் உங்கள் பக்கமும் உங்கள் மருத்துவர் பக்கமும் நின்று பேசும்.

யார் வழக்குப் போடலாம், காசு யாருக்கு

171ஏ அத்தியாயத்தை அரசு அதிகாரிகள் அமலாக்க முடியாது, தனிநபர் போடும் சிவில் வழக்கு ஒன்றே வழி. வென்றால் ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 1,00,000 டாலர். "குறைந்தது" என்ற சொல்லையும் "ஒவ்வொரு மீறலுக்கும்" என்ற சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தால் கணக்கு இரண்டு லட்சத்தில்தான் தொடங்கும்.

அந்தப் பெண்ணோ, கருவின் தந்தையோ, நெருங்கிய உறவினரோ வழக்குப் போட்டால் முழுத்தொகை அவருக்கு. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் போட்டால் அவர் கைக்கு வருவது பத்தில் ஒரு பங்கு, அதாவது 10,000 டாலர்தான். மிச்சம் தொண்டு நிறுவனத்துக்குப் போகும், அந்த நிறுவனத்தால் அவர் ஆதாயம் அடையவும் கூடாது. பாலியல் வன்முறையால் கருவுண்டாக்கியவன் வழக்குப் போடத் தடை இருக்கிறது. பெண்ணின் பெயரையும் மருத்துவ விவரத்தையும் நீதிமன்றத் தாள்களில் வெளியிடவும் தடை. இந்த விலக்குகளும் தடைகளும் சட்டத்தில் ஒரே இடத்தில் இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன. வழக்குத் தொகை எழுதிய பிரிவோடு படிப்பதை நிறுத்திவிட்டால் இவை கண்ணில் படாது. கடைசி வரிவரை போங்கள்.

பக்கத்து அத்தியாயங்களைச் சேர்த்துப் படிக்காவிட்டால்

எச்.பி. 7இல் விலக்கு இருக்கிறது என்பதால் வேறு சட்டத்திலும் விலக்கு என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

2021 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 8, அதே 171ஆம் அத்தியாயத்தில் 171.201 முதல் இருக்கிறது. அதிலும் தனிநபர் வழக்குத்தான், குறைந்தது 10,000 டாலர், மேலே வக்கீல் செலவு. ஆனால் அதன் வலை வேறு மாதிரி. கருக்கலைப்புக்குத் தெரிந்து உதவியவரையும், செலவைக் கொடுத்தவரையும் அது பிடிக்கும். அது சட்டமீறல் என்று உதவியவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. "சட்டம் தெரியாது", "அந்தப் பெண் சம்மதித்தாள்", "இந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று நம்பினேன்" ஆகிய பதில்கள் எடுபடாது என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்குப் போட நான்கு ஆண்டு அவகாசம். மாத்திரையைத் தொடாமல், பணம் மட்டும் அனுப்பியவர் எச்.பி. 7இல் தப்பினாலும் இங்கே மாட்டலாம்.

170ஏ அத்தியாயம் 2022 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில்தான் உண்மையான பொருளில் "சிவில் அபராதம்" உண்டு: மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) வசூலிப்பது, மீறலுக்குக் குறைந்தது 1,00,000 டாலர். கூடவே கருக்கலைப்பு செய்தவருக்கு ஆயுள்வரை போகக்கூடிய குற்றத் தண்டனையும் உண்டு. 2021 டிசம்பரில் வந்த எஸ்.பி. 4 மாத்திரையைத் தபாலில் அனுப்புவதையே தடுத்துக் குற்றமாக்கியது. எனவே "சிவில் வழக்குத்தானே, பணத்தோடு போய்விடும்" என்று நினைக்காதீர்கள். தனிநபர் வழக்கு, அரசு அபராதம், குற்றத் தண்டனை என்று ஒரே செயலுக்கு மூன்று வாசலிலிருந்தும் கேள்வி வரலாம். விசாவில் இருப்பவர் என்றால் குடியேற்ற வக்கீலையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சம்மன் கையில் வந்தால்

பதில் தாக்கல் செய்ய டெக்சஸ் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் கெடுவை எண்ணும் முறை விசித்திரமானது. சம்மன் கொடுத்த நாளிலிருந்து 20 நாள் முடிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள். உதாரணமாக மார்ச் 3 அன்று சம்மன் வந்தால் 20 நாள் முடிவது மார்ச் 23. அதற்கு அடுத்த திங்கள் காலை 10 மணி உங்கள் கெடு. மாலைவரை நேரம் இருக்கிறது என்று நினைத்து விட்டவர்கள்மீது ஒருதலைத் தீர்ப்பு விழும், அப்போது வழக்கின் நியாயத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

வேறு மாநிலத்தில் வசிப்பவர் என்றால் இன்னொரு நுணுக்கம். "என்மீது டெக்சஸ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்ற ஆட்சேபத்தைச் சிவில் நடைமுறை விதி 120ஏ படி, சத்தியப்பிரமாணத்தோடு, மற்ற எல்லா மனுக்களுக்கும் முன்னால் தாக்கல் செய்ய வேண்டும். வேறு பதிலை முதலில் போட்டுவிட்டால், அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். நல்லெண்ணத்தில் தானே ஒரு கடிதம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பி இந்த உரிமையை இழப்பது வருத்தமான தவறு. வக்கீல் டெக்சஸில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். நியூஜெர்சி நண்பரோ சென்னை மாமாவோ எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் போதாது. யாரையும் தெரியாவிட்டால் டெக்சஸ் மாநில வக்கீல் சங்கத்தின் பரிந்துரைச் சேவையைக் கேளுங்கள்.

சம்மன் வந்த பயத்தில் கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்தபின் அழிப்பது சாட்சியத்தை ஒழித்ததாகக் கொள்ளப்படும், அழித்ததே உங்களுக்கு எதிராகப் பேசும். அதே நேரம் புதிதாக யாரிடமும் இதைப் பற்றி எழுதவும் வேண்டாம், தோழிகள் குழுவில் ஆறுதல் தேடவும் வேண்டாம். 2023இல் கால்வெஸ்டன் மாவட்டத்தில் ஒருவர் தன் முன்னாள் மனைவிக்கு மாத்திரை கிடைக்க உதவியதாக மூன்று பெண்கள்மீது பத்து லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டபோது, அவர் தூக்கிப் பிடித்தது அவர்களுக்குள் நடந்த குறுஞ்செய்தி உரையாடலைத்தான். 2024 அக்டோபரில் அந்த வழக்கைக் கைவிட்டார். அதுவரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூன்று பேரும் அதைச் சுமந்தார்கள். மருத்துவத் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டம் மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும்தான் கட்டுப்படுத்தும். தோழியின் கைப்பேசியை அது கட்டுப்படுத்தாது. இனப்பெருக்க நலத் தகவலுக்கென்று 2024இல் வந்த கூடுதல் மத்திய விதியையும் 2025 ஜூனில் டெக்சஸிலுள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

பெயர் மாறினால் எல்லை மாறும்

அரசு வசூலிக்கும் அபராதமா, தனிநபருக்குப் போகும் இழப்பீடா என்ற வேறுபாட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், தீர்ப்பு மாநில எல்லையைத் தாண்டுமா என்பதே அதைப் பொறுத்தது. ஒரு மாநில நீதிமன்றத் தீர்ப்பை இன்னொரு மாநிலம் மதிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவு. ஆனால் பிற மாநிலம் தண்டிப்பதற்காக விதித்ததை நிறைவேற்றிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பழைய விதிவிலக்கு. பொதுக்குற்றத்தைத் தண்டிப்பதா, பாதிக்கப்பட்ட தனிமனிதருக்குப் பரிகாரம் தருவதா என்று பார்க்கும் உரைகல்லை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1892இல் ஹண்டிங்டன் எதிர் அட்ரில் வழக்கில் கொடுத்தது.

நியூயார்க் மருத்துவர் ஒருவர்மீது டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் 2024 டிசம்பரில் தொடுத்த வழக்கில், அவர் ஆஜராகாததால் 2025 பிப்ரவரியில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஒருதலைத் தீர்ப்பு வந்தது. அதைப் பதிவு செய்ய நியூயார்க்கின் அல்ஸ்டர் மாவட்ட எழுத்தர், பிற மாநில வழக்குகளிலிருந்து தன் மருத்துவர்களைக் காக்க அந்த மாநிலம் இயற்றிய கேடயச் சட்டத்தைக் காட்டி மறுத்துவிட்டார். அது அரசு போட்ட அபராத வழக்கு. எச்.பி. 7 அதே ஒரு லட்சத்தைத் தனிநபர் பெயரில் கேட்கும்படி அமைத்திருக்கிறது. அமைப்பை மாற்றியதற்கு இந்த எல்லைச் சிக்கலும் ஒரு காரணம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் தனக்கு எந்தப் பாதிப்பும் இல்லாத மூன்றாம் ஆளுக்குத் தரும் 10,000 டாலரைப் பரிகாரம் என்று சொல்வது கடினம். எஸ்.பி. 8 வழக்கொன்றைச் சான் அன்டோனியோ நீதிமன்றம் 2022 டிசம்பரில், வாதிக்குப் பாதிப்பு இல்லை என்று சொல்லித்தான் தள்ளியது.

வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறவர்கள் டெக்சஸ் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம். பக்கத்து லூசியானாவில் 2024 அக்டோபர் 1 முதல் மிஃபிப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் நான்காம் அட்டவணைக் கட்டுப்பாட்டு மருந்துகள். அங்கே கர்ப்பிணி தன் உபயோகத்துக்கு வைத்திருப்பதைத் தவிர, சரியான சீட்டில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். டெக்சஸில் கேட்ட "அனுப்பினாரா, கொடுத்தாரா" என்ற கேள்விக்கு முன்னால் அங்கே "வைத்திருந்தாரா" என்ற கேள்வி வந்து நிற்கும். பாட்டியின் மூட்டுவலி மாத்திரையில் மிசோப்ரோஸ்டால் கலந்திருந்தால், ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு வண்டி ஏறும்முன் அந்த மருந்துச்சீட்டு கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.